தந்தை வீடு திரும்பிய பின்

சிறை மீண்டவர்களைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் சிறைவாயிலோடு முடிந்துவிடுகின்றன. கதவு திறக்கிறது, வெளியே மனைவியும் மக்களும் காத்து நிற்கின்றனர், கண்ணீருக்கிடையே ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர். அவ்வளவில் கதாசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். அன்றிரவு அவ்வீட்டில் யார் யாருடன் என்ன பேசினர், பேச வாயெடுத்துப் பேசாமல் விட்டது எது, மறுநாட் காலையில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பனவற்றை அவர் சொல்வதில்லை. உண்மையில் குடும்பத்தின் சோதனை அங்கேதான் தொடங்குகிறது. தந்தை மறியலில் இருந்த காலத்திற் பிரிவு ஒன்றே பெருந்துன்பம். அவர் திரும்பி வந்த பின்னரோ, பிரிந்திருந்தபோது ஒவ்வொருவரும் தனித்தனியே பட்ட துன்பங்கள் யாவும் ஒரே கூரையின் கீழ் வந்து கூடுகின்றன.

இந்த உண்மையை நன்குணர்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஆங்கில நாவலாசிரியரான சாள்ஸ் டிக்கின்ஸ். ஏட்டிற் படித்தோ பிறர் சொல்லக் கேட்டோ அவர் இதனை அறிந்தாரல்லர்; பன்னிரண்டு வயதிலே பட்டறிந்தார். 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' என்னும் அவரது நாவலை நம்மவர் பலரும் மாணவப் பருவத்திற் படித்திருப்பர். அதிலே வரும் மிக்கோபர் என்ற கடன்காரரை எண்ணிச் சிரியாதார் இலர். அச்சிரிப்பின் பின்னால் ஒரு தந்தை சிறை சென்று மீண்ட கதை இருக்கிறது. அவர் மீண்ட பின்னும் ஆறாதிருந்த ஒரு மகனின் மனப்புண் இருக்கிறது. பழி சுமந்த ஒரு தாயும் இருக்கிறாள்.

கடனும் கைதும்

டிக்கின்ஸின் தந்தை யோன் டிக்கின்ஸ் கடற்படைச் சம்பளக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அன்பான மனிதர், பேச்சு வன்மை உடையவர், நண்பர்களுக்கு விருந்து வைப்பதில் மகிழ்பவர். வரவறிந்து செலவு செய்யும் பழக்கம் ஒன்றே அவரிடம் இல்லாதது. 1822ஆம் ஆண்டு குடும்பம் இலண்டனிற் குடியேறியபோது கடன் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கின. முதலிற் போனவை புத்தகங்கள். அவற்றைச் சுமந்து சென்று விற்றுக் காசு வாங்கி வந்தவன், அப்புத்தகங்களையே உலகமாகக் கொண்டிருந்த சிறுவன் சாள்ஸ்.

தாய் எலிசபெத் அம்மையார் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தாரல்லர். 1823இல் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துச் சிறுவர்க்குப் பள்ளிக்கூடம் தொடங்க முயன்றார். வாயிற்கதவிலே பெயர் பொறித்த பித்தளைத் தகடு பதிக்கப்பட்டது. சாள்ஸ் வீடு வீடாகச் சென்று அறிவித்தற் கடதாசிகளைக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை.

1824ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், தன் பன்னிரண்டாவது பிறந்தநாள் கழிந்து இரண்டு நாட்கள் ஆன நிலையில், சாள்ஸ் வேலைக்கு அனுப்பப்பட்டான். தேம்ஸ் நதிக்கரையில், எலிகள் ஓடித்திரியும் ஒரு பழங்கட்டடத்தில், வாரன் என்ற பெயரால் வழங்கிய சப்பாத்து மைத் தொழிற்சாலை இருந்தது. அதை நடத்தியவர் உறவுமுறையானவர். மைச் சாடிகளின் வாயைக் கடதாசியால் மூடி, நூலாற் கட்டி, ஓரத்தைச் சீராக நறுக்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது பையனுக்கு இடப்பட்ட பணி. வாரத்துக்கு ஆறு சிலிங் சம்பளம். படித்துப் பெரியவனாக வேண்டுமெனக் கனவு கண்ட பிள்ளை அங்கே குந்தியிருந்து சாடி கட்டினான். பெற்றோர் இருவரும் அதனால் மனநிறைவு பெற்றவர்கள் போலவே காணப்பட்டனர் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். 'இருவரும்' என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அம்மாதம் 20ஆந் திகதி யோன் டிக்கின்ஸ் கைது செய்யப்பட்டார். பாண் வியாபாரி ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த ஏறக்குறைய நாற்பது பவுண் கடனே காரணம். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, கடன் கொடுத்தவர் விரும்பினாற் கடன்காரனைப் பிடித்து அடைத்து வைக்கலாம். அடைபட்டவன் எவ்வாறு உழைத்துக் கடனை அடைப்பான் என்ற கேள்விக்கு அச்சட்டத்திலே விடை கிடையாது. நதியின் தென்கரையில், சதர்க் பகுதியில் இருந்த மார்சல்சிச் சிறைக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். போகும்போது, தம் வாழ்வின் சூரியன் அத்தமித்துவிட்டதென்று அவர் மகனிடம் சொன்னார். மகனின் நெஞ்சு உடைந்தது.

உள்ளே இருந்தவரும் வெளியே இருந்தவனும்

கடன்காரர் சிறைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடன்காரனின் மனைவி மக்கள் விரும்பினால் அவனோடு உள்ளே வசிக்கலாம். பகலில் வெளியே சென்று வரலாம். இரவு கதவடைக்குமுன் திரும்பிவிட வேண்டும். மார்ச் மாத இறுதிவரை வெறும் வீட்டிலே தாக்குப்பிடித்த எலிசபெத் அம்மையார், பின்னர் இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணவரின் சிறையறைக்கே குடிபுகுந்தார். மூத்த மகள் ஃபனி சங்கீதக் கழகத்தில் விடுதி மாணவி. சாள்ஸ் மட்டும் நகரின் மறுகோடியில், ஒரு மூதாட்டியின் வீட்டில் வாடகைக்கு விடப்பட்டான்.

இதிலே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. தந்தைக்குக் கந்தோர்ச் சம்பளம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கடன்காரர் கதவைத் தட்டும் தொல்லையும் இல்லை. இடநெருக்கடி ஒன்றைத் தவிர, வெளியே இருந்ததைவிடச் சிறைக்குள்ளே குடும்பம் வசதியாகவே இருந்தது. கைதிகளின் குழுவொன்றுக்கு யோன் டிக்கின்ஸ் தலைவராகவும் விளங்கினார். ஆகவே அந்தக் குடும்பத்தில் உண்மையான சிறைவாசம் அனுபவித்தவன் மதிலுக்கு வெளியே இருந்த பையன்தான். திங்கட்கிழமை காலை முதற் சனிக்கிழமை இரவு வரை அவனுக்கு ஆறுதல் சொல்லவோ புத்தி சொல்லவோ ஒருவரும் இல்லை. தன் பாணையும் பாற்கட்டியையும் தனித்தட்டொன்றில் வைத்து, தன் ஆறு சிலிங்கைத் தானே பங்கிட்டு வாழ்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கையை அழைத்துக்கொண்டு சிறைக்குச் சென்று அன்றைய பகலைப் பெற்றோருடன் கழித்தான்.

ஒரு ஞாயிறு இரவு அவன் தந்தையின்முன் அழுதுவிட்டான். தனிமை தாங்கமுடியவில்லை என்று சொன்னான். பிள்ளை படும் துயரைத் தந்தை அப்போதுதான் முதன்முறையாக உணர்ந்தவர்போல் இளகிப்போனார். சிறைக்கு அண்மையிலேயே ஓர் அறை எடுத்துக் கொடுக்கப்பட்டது. அதன்பின் காலை உணவைக் குடும்பத்தோடு சிறையில் உண்டுவிட்டு அவன் வேலைக்குப் போனான். அழுதபோது கேட்டவர் தந்தை. பிற்காலத்தில் மகன் தந்தையை மன்னித்ததற்கு வேர் இங்கேயே ஊன்றியது எனலாம்.

விடுதலையும் ஆறு சிலிங்கும்

1824ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி, கடனிறுக்க இயலாதோருக்கான சட்டத்தின்கீழ் யோன் டிக்கின்ஸ் விடுதலையானார். சரியாகப் பதினான்கு வாரங்கள். அதற்குச் சற்று முன்னர் அவருடைய தாயார் இறந்து, அவர் பங்குக்கு ஒரு தொகை முதுசமாக வரவிருந்தது. தந்தை வந்துவிட்டார், குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டது. சிறைக்கதைகளின் வழக்கப்படி இங்கே 'சுபம்' என்று எழுதிவிடலாம்.

ஆயின் சாள்ஸ் மறுநாளும் வேலைக்குப் போனான். அடுத்த வாரமும் போனான். அடுத்த மாதமும் போனான். 'இனிப் போகவேண்டாம்' என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அந்நாட்களில் ஃபனிக்குச் சங்கீதக் கழகத்திலே பரிசு கிடைத்தது. அதைப் பார்க்கத் தம்பியும் சென்றிருந்தான். அவனுக்குத் தமக்கைமீது பொறாமை உண்டாகவில்லை. ஆனால் இத்தகைய முயற்சிகளும் பெருமைகளும் தனக்கு எட்டாதனவாகிவிட்டன என்ற எண்ணம் அவன் நெஞ்சைப் பிளந்தது. தாழ்விலிருந்து தன்னைத் தூக்கிவிடும்படி அன்றிரவு கடவுளை வேண்டிக்கொண்டான்.

தொழிற்சாலை வேறொரு தெருவுக்கு இடம் மாறியது. அங்கே வெளிச்சத்துக்காகப் பையன்களைச் சாளரத்தின் அருகே அமர்த்தினர். அவர்கள் கைவேகத்தைத் தெருவிற் போவோர் நின்று வேடிக்கை பார்த்தனர். ஒருநாள் தந்தை அங்கே வந்தார். தம் பிள்ளை காட்சிப் பொருளாக இருப்பதைக் கண்டும் அவரால் எவ்வாறு தாங்க முடிந்தது என்று மகன் வியந்தான்.

பின்னர் ஒருநாள் தந்தை அவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துத் தொழிற்சாலை நடத்திய உறவினரிடம் சேர்ப்பிக்கச் சொன்னார். அது சண்டைக் கடிதம். உறவினர் படித்துச் சினந்தார். பையனிடம் அன்பாகவே பேசி, இனி இங்கே வேலை செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார். நெஞ்சில் ஏற்பட்ட ஆறுதல் துன்பம் போலவே இருந்தது என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

தாய் மறுநாளே உறவினரிடம் சென்று சமாதானம் பேசினார். பையன் திரும்பவும் வேலைக்கு வரலாம் என்ற செய்தியோடும், அவன் நடத்தையைப் பற்றிய பாராட்டோடும் வீட்டுக்கு வந்தார். தந்தை மறுத்தார். சாள்ஸ் இனி அங்கே போகமாட்டான், பள்ளிக்கூடம் போவான் என்றார். அவ்வாறே நடந்தது.

அந்த ஒரு நாளின் வழக்கிலே டிக்கின்ஸின் மனம் கொடுத்த தீர்ப்பு அவர் வாழ்நாள் முழுவதும் மாறவில்லை. சினத்தோடு எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டே, தம்மைத் திருப்பி அனுப்பத் தாய் முனைந்து நின்றதைத் தாம் மறக்கவில்லை, மறக்கப்போவதில்லை, மறக்கவும் முடியாது என்ற கருத்தை அவர் எழுதி வைத்தார். கடன்பட்டவர் தந்தை, சிறை சென்றவர் தந்தை, விடுதலையான பின்னும் மாதக்கணக்கில் மகனைத் தொழிற்சாலையில் விட்டிருந்தவரும் தந்தையே. மன்னிப்பு அவருக்குக் கிடைத்தது. மன்னிக்கப்படாதவர் தாய்.

தாயின் பக்கம்

இது நீதியா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. மகன் எழுதியதை உலகம் படித்தது. தாய் தம் பக்கத்தை எழுதி வைக்கவில்லை. ஆயினும் நிகழ்ந்தவற்றைக்கொண்டே அவர் நிலையை ஓரளவு உணர்ந்துகொள்ளலாம்.

எலிசபெத் அம்மையார் பள்ளிக்கூடம் நடத்த முயன்று தோற்றவர். அடைவுகடைக்குப் போகும் பொருள்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவர். நடை பழகும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறையறையிலே சமைத்தவர். ஆறு சிலிங் என்றால் எத்தனை நாட் பாண் என்பது அவருக்கு மனப்பாடம். சிறை மீண்ட கணவர் அருமையாகப் பேசுவார். ஆனால் அவர் பேச்சை நம்பிக் கடைக்காரர் கடன் கொடுக்கமாட்டார். பையன் போகமாட்டான் என்று சொல்லும் பெருமிதம் தந்தைக்கு உரியதாயிற்று. அந்த ஆறு சிலிங் இல்லாமல் அடுத்த சனிக்கிழமையை எப்படிக் கடப்பது என்ற கவலை தாய்க்கு உரியதாயிற்று. அவரது அச்சம் வீணானதன்று. மூன்றாண்டுகள் கழியுமுன், 1827இல், குடும்பம் மீண்டும் வாடகை கொடுக்க இயலாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. சாள்ஸின் படிப்பும் நின்றது.

தந்தை மறியலிலிருந்து திரும்பும் வீடுகளில் இது அடிக்கடி நிகழும் ஒன்று. திரும்பி வருபவரைச் சுற்றி ஓர் இரக்கம் படர்கிறது. அவர் இழந்த நாட்களை எண்ணி எல்லோரும் அவரை மென்மையாக நடத்துகின்றனர். அவர் இல்லாத காலத்தில் வீட்டை நடத்தியவளோ, கணக்குப் பார்த்துப் பழகிய கடுமையோடு நிற்கிறாள். இல்லை என்ற சொல்லைப் பிள்ளைகள் கேட்டது அவள் வாயிலிருந்துதான். ஆகவே அவர்கள் மனத்தில் வறுமையின் முகம் அவள் முகமாகப் பதிந்துவிடுகிறது. வறுமைக்குக் காரணமானவரின் முகமோ, நீண்ட நாட் பிரிவுக்குப் பின் கண்ட இனிய முகமாகத் தோன்றுகிறது.

டிக்கின்ஸுக்கு முதன்முதல் எழுத்தறிவித்தவரும் இந்தத் தாயே. ஆங்கிலமும், சிறிது பின்னர் இலத்தீனின் தொடக்கமும் நாள்தோறும் கற்பித்தவர் அவர். கல்வியில் விருப்பம் தமக்குத் தாயாலேயே பிறந்தது என்பதை மகனும் ஒப்புக்கொண்டார். ஆயினும் எழுத்தறிவித்த பல நாட்களைவிடத் தொழிற்சாலைக்கு அனுப்ப நினைத்த ஒரு நாளே அவர் மனத்தில் பாரமாகத் தங்கியது.

ஊமையான வீடு

அந்நாளுக்குப் பின் அவ்வீட்டில் நிகழ்ந்தது மேலும் கவனிக்கத்தக்கது. தொழிற்சாலையைப் பற்றியோ அக்காலத்தைப் பற்றியோ பெற்றோர் ஒரு சொல்லும் பேசவில்லை, குறிப்பாகக்கூட உணர்த்தவில்லை. மகனும் பேசவில்லை. யாரும் கூடி முடிவு செய்யாமலே மூவரும் ஊமையாயினர். புண்ணை மூடிவிட்டால் ஆறிவிடும் என்று எண்ணினர் போலும்.

அது ஆறவில்லை. பல ஆண்டுகள்வரை டிக்கின்ஸ் அந்தப் பழைய படித்துறைப் பக்கம் போகத் துணியவில்லை. தமக்குப் பிள்ளை பிறந்து அது பேசப் பழகிய பின்னும், சிறுவயதில் நடந்து சென்ற அத்தெருக்கள் அவரை அழவைத்தன. தம் மனைவிக்குங்கூட மனந்திறந்து சொல்லவில்லை என்று அவரே எழுதியுள்ளார். 1847 அளவில் நண்பர் யோன் ஃபோர்ஸ்டர் தற்செயலாகக் கேட்ட கேள்வி ஒன்று அந்தப் பூட்டைத் திறந்தது. பின்னர் அவர் எழுதிக்கொடுத்த குறிப்புகளை, அவர் 1870இல் மறைந்த பின்பே, தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஃபோர்ஸ்டர் வெளியிட்டார். தங்கள் தந்தையின் இளமைத் துயரை மக்கள் அதன் வழியாகவே தெளிவாக அறிந்தனர்.

1869ஆம் ஆண்டு நத்தாரின்போது குடும்பத்தினர் கூடியிருந்து நினைவாற்றல் விளையாட்டொன்று விளையாடினர். ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, அடுத்தவர் அதனையும் திருப்பிச் சொல்லித் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தம் முறை வந்தபோது டிக்கின்ஸ் கண்ணில் ஓர் ஒளியும் குரலில் ஒரு மாற்றமும் தோன்றச் சொன்னது, அந்தச் சப்பாத்து மைத் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும். கூடியிருந்தவர் எவருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. மகன் ஹென்றி பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்து எழுதினார். நாற்பத்தைந்து ஆண்டுகள் அடக்கி வைத்த ஒன்றை அவர் தம் மக்கள் நடுவே ஒரு முறை உரக்கச் சொன்னார். அதுவும் விளையாட்டின் மறைவில் நின்று.

தந்தையோடு ஏற்பட்ட ஒப்புரவு

பேச்சினால் ஆறாதது ஓரளவு தொழிலினால் ஆறியது. கடற்படைக் கந்தோரிலிருந்து உபகாரச் சம்பளத்தோடு விலகிய யோன் டிக்கின்ஸ், நடுவயது கடந்தபின் சுருக்கெழுத்துக் கற்றுப் பாராளுமன்ற நிருபரானார். மகனும் அதே சுருக்கெழுத்தைக் கற்று அதே தொழிலில் இறங்கினார். சிறையாற் பிரிந்த தந்தையும் மகனும் ஒரே மண்டபத்தின் பேச்சுக்களைக் குறித்துக்கொள்ளும் தொழிற்றோழர்களாயினர்.

இதனாற் குறைகள் யாவும் தீர்ந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 1834இல் தந்தை கடனுக்காக மீண்டும் பிடிபட்டார், மகன் மீட்டார். புகழ் பெற்ற மகனின் பெயரைச் சொல்லித் தந்தை கடன் வாங்கினார். 1839இல் பெற்றோரைத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் மகன் குடியேற்றினார். அங்கும் பழக்கம் விடவில்லை. 1841இல், தம் பெயரால் பிறர் வாங்கும் கடன்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று பத்திரிகைகளில் மகன் அறிவித்தல் கொடுக்க நேர்ந்தது. ஆயினும் அவர் தந்தையைக் கைவிடவில்லை. 1846இல் 'டெய்லி நியூஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது நிருபர்களை மேற்பார்க்கும் பொறுப்பைத் தந்தையிடம் ஒப்படைத்தார். பணத்தை நம்பிக் கொடுக்க முடியாதவரிடம் வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். பொறுப்பும் மதிப்பும் உள்ள இடத்தில் அம்முதியவர் மகிழ்வோடு உழைத்தார்.

1849 முதல் 1850 வரை தொடராக வெளிவந்த 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' இந்த ஒப்புரவின் பயனே. தந்தையின் பேச்சும் மிடுக்கும் மிக்கோபரிடம் வந்து சேர்ந்தன. கதையில் மிக்கோபர் சிறை செல்கிறார், மீள்கிறார், இறுதியில் வஞ்சகன் ஒருவனை வெளிப்படுத்தி, அவுஸ்திரேலியா சென்று நீதவானாகி, கடன்களையும் அடைக்கிறார். வாழ்க்கை தந்தைக்குக் கொடாததை மகன் கதையிலே கொடுத்தார். இன்னொன்றையும் காண்க. மிக்கோபர் டேவிட்டின் தந்தையல்லர், வீட்டுக்காரர் மட்டுமே. டேவிட் பெற்றோரை இழந்தவன். பையனைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் பழியைக் கொடிய சிறிய தந்தை ஒருவர் சுமக்கிறார். தந்தையிடம் கண்ட இனிமையை ஒரு பாத்திரத்துக்கும், அவராற் பட்ட துன்பத்தை வேறொரு பாத்திரத்துக்கும் பிரித்துக் கொடுத்த பின்னரே ஆசிரியரால் மனமார நேசிக்க முடிந்தது.

1851ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி யோன் டிக்கின்ஸ் இறந்தபோது மகன் அருகில் இருந்தார். தாயை அணைத்துக்கொண்டு, இனித் தம்மையே நம்பியிருக்கும்படி சொன்னார்; இருவரும் அழுதனர். தாய் 1863இல் இறக்கும்வரை அவரைப் பராமரிக்கும் கடமையில் மகன் தவறவில்லை. காலம் செல்லச் செல்லத் தந்தை மேலும் நல்லவராகவே தமக்குத் தோன்றுகிறார் என்று அவர் நண்பரிடம் கூறியதுண்டு. தாயைப் பற்றி அத்தகைய சொல் எழவில்லை.

கூடவே வரும் சிறை

தந்தை மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1855 முதல் 1857 வரை, டிக்கின்ஸ் 'லிற்றில் டொரிற்' என்ற நாவலை எழுதினார். இப்போது அவர் மார்சல்சியைப் பெயர் சொல்லியே எழுதினார். அச்சிறை 1842இலேயே மூடப்பட்டுவிட்டது.

இந்நாவலின் நாயகி ஏமி அச்சிறையிலேயே பிறந்தவள். தந்தை வில்லியம் டொரிற் இருபதாண்டுகளுக்கு மேலாகக் கடனுக்காக அடைபட்டவர். 'மார்சல்சியின் தந்தை' என்ற பட்டத்தைப் பெருமையோடு தாங்குபவர். மகள் வெளியே தையல் வேலை செய்து அவருக்குச் சோறு போடுகிறாள். மகள் கூலி வேலைக்குப் போவது அவருக்குத் தெரியாதது போல வீட்டார் எல்லோரும் நடிக்கின்றனர். நாவலின் முதற் பாகம் முடியும்போது எதிர்பாராத பெருஞ்செல்வம் அவருக்கு வருகிறது. குடும்பம் ஊர்வலம்போலச் சிறையை விட்டு வெளியேறுகிறது. அந்த ஆரவாரத்தில் ஏமியை மறந்துவிடுகின்றனர். பழைய ஆடையோடு மயங்கிக் கிடந்தவளை வேறொருவர் தூக்கி வருகிறார். மற்றக் கதாசிரியர்கள் முடித்துவிடும் இடத்தில் டிக்கின்ஸ் இரண்டாம் பாகத்தைத் தொடங்குகிறார்.

இரண்டாம் பாகத்தில் அக்குடும்பம் இத்தாலியிற் பயணம் செய்கிறது. சிறை என்ற சொல்லே அவர்களிடையே எழக்கூடாது. நாகரிகம் பயிற்ற ஓர் அம்மையார் சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறார். ஏமி மட்டும் மாறவில்லை. தந்தையின் முகத்தைப் பழைய அன்போடு நோக்குகிறாள். அந்த நோக்கே அவருக்குக் குற்றமாகப் படுகிறது. எல்லோரும் மறந்துவிட, நீ மட்டும் நினைவூட்டுகிறாய் என்று அவளைக் கடிந்துகொள்கிறார். ஒருநாள் உரோமாபுரியில் பெரியதொரு விருந்து. அங்கே அவர் அறிவு பிறழ்கிறது. எழுந்து நின்று, சிறைக்குப் புதிதாக வந்தோரை வரவேற்பது போல விருந்தினரை மார்சல்சிக்கு வரவேற்று உரையாற்றுகிறார். சில நாட்களில் இறக்கிறார். அதுவரை அவர் அருகில் இருப்பவள், நினைவூட்டியதற்காகக் கடிந்துகொள்ளப்பட்ட அந்த மகளே.

தம் வீட்டில் மூவரும் ஊமையாயிருந்ததன் விளைவை டிக்கின்ஸ் இவ்வாறு கதையாக்கினார். பேசக்கூடாதென்று தடுக்கப்பட்ட நினைவு மடிவதில்லை. தகாத இடத்தில், தகாத வேளையில் தானே வாய் திறக்கிறது. டொரிற்றின் விருந்துப் பேச்சையும் நத்தார் இரவின் அந்த விளையாட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.

நம் வகுப்பறைகளுக்கு

கடனுக்காக மனிதரை அடைத்துவைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிதும் ஒழிக்கப்பட்டது. மார்சல்சியில் இன்று எஞ்சியிருப்பது ஒரு மதில் மட்டுமே. கைதிக்கும் குடும்பத்துக்கும் இடையேயுள்ள உறவைப் பேணுதல் சிறை நிர்வாகத்தின் கடமைகளுள் ஒன்றென, 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் கூறுகின்றன. விதிகள் செய்யக்கூடியது அவ்வளவே. சிறைவாயிலுக்கு அப்பாலுள்ள பாதை வீட்டுக்குள் செல்கிறது. அங்கே சட்டம் நுழைவதில்லை.

அப்பாதையில் டிக்கின்ஸ் குடும்பம் நமக்குக் காட்டுவன எளியவை. திரும்பி வந்தவருக்கு இரக்கத்தோடு ஒரு பொறுப்பையும் கொடுக்க வேண்டும். மதிப்புள்ள வேலை அவரை நிமிர்த்துகிறது. பிள்ளை பட்டதைப் பிள்ளை சொல்ல ஓர் இடம் வேண்டும். ஞாயிறு இரவொன்றில் ஒரு முறை அழக் கிடைத்த வாய்ப்பே தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு பாலமாயிற்று. தாயிடமும் அவ்வாறு ஒருமுறை அழுதிருந்தால், ஆறு சிலிங்கின் கணக்கை அவரும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறலாம். தந்தை மறியலில் உள்ள பிள்ளையோ, அண்மையில் மீண்டு வந்த தந்தையின் பிள்ளையோ நம் வகுப்பிலும் இருத்தல் கூடும். அப்பிள்ளை அதைச் சொல்லமாட்டான். வீட்டுச் செய்தியை நாம் துருவிக் கேட்கவும் வேண்டியதில்லை. அவனுடைய புத்தகங்கள் கைவிட்டுப் போகாமலும், அவன் படிப்பு நின்றுவிடாமலும் பார்த்துக்கொண்டாற் போதும். பன்னிரண்டு வயதுச் சாள்ஸ் எல்லாவற்றுக்கும் மேலாக ஏங்கியது அதற்கே.

'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' நாவலைக் கற்பிக்க நேரும்போது, பதினோராம் பன்னிரண்டாம் அத்தியாயங்களில் வரும் மிக்கோபரின் மனைவியைச் சற்று நின்று பார்க்கும்படி மாணவரிடம் சொல்லுங்கள். வாயிற்கதவில் பித்தளைத் தகடு பதித்துப் பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு மாணவியும் வரப்பெறாதவள் அவள். இடுப்பிற் குழந்தையோடு கடன்காரருக்கு மறுமொழி சொல்பவள் அவள். கணவனை ஒருகாலும் கைவிடேன் என்று ஓயாமற் சொல்லிச் சிறைக்குள்ளும் தொடர்ந்து செல்பவள் அவள். வாசகர் அவளைப் பார்த்துச் சிரிக்கின்றனர். ஆசிரியரும் சிரிக்கவே எழுதினார். அக்குடும்பத்தின் கதையை அவள் வாய்மொழியாக எழுதிவரும்படி மாணவருக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். எலிசபெத் அம்மையார் எழுதாமற் போன பக்கங்களிற் சில அவ்வகையிலேனும் நிரம்பக்கூடும்.